குடிக்கூலியும் குடியுரிமையும்

‘குடி’ என்பது தமிழின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. குலம், குடும்பம், வீடு, ஊர், ஆளப்படுவோர் எனப் பல பொருள்களை அது தாங்கி நிற்கிறது. நிலத்தை உழுபவன் விளைச்சலில் பெறும் பங்கைக் குடிவாரம் என்றனர். அரசனோ நிலத்தலைவனோ கொள்ளும் பங்கை மேல்வாரம் என்றனர். பிறர் வீட்டில் தங்குவதற்குக் கொடுக்கும் வாடகையைக் குடிக்கூலி என்றனர். குடிமகன், குடியுரிமை, குடியரசு என்னும் சொற்களும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. ஒருவருடைய நிலத்தை அண்டி வாழ்பவனும் குடிதான். எவரையும் அண்டாமல் நாட்டில் பங்குடையவனாக நிமிர்ந்து நிற்பவனும் குடிதான். முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு மக்கள் நடந்து வந்த வழியே நிலவுரிமையின் வரலாறு. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் அவ்வழி எத்துணை நீண்டது என்பதை இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகிய கல்வராயன், இன்று கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கு இடையே பரவிக் கிடக்கிறது. கோமுகி ஆறு பிறப்பது இங்கேதான். சாமையும் தினையும், பின்னாளில் மரவள்ளியும், காட்டில் கிடைக்கும் கடுக்காயும் தேனும் இம்மக்களின் வாழ்வாதாரம். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என அழைக்கப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று கொள்ளலாகாது. அவர்கள் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை.

இம்மலையின் ஊர்கள் மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தன. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பட்டப்பெயர்களைத் தாங்கிய குடும்பத்தார் வழிவழியாக அவற்றை ஆண்டனர். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த கொடை இது என்பது மரபு. 1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோதும், பின்னர் ஆங்கில அரசு நிலைபெற்றபோதும், மலைமேல் ஜாகீர்தாரின் அதிகாரம் நீடித்தது. வரி தண்டுவதும் அவர்களே. வழக்குத் தீர்ப்பதும் அவர்களே. வரி கொடுத்ததோடு மக்களின் கடன் தீரவில்லை. ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டியவர்களாகவும் இருந்தனர். தலைமுறைகளாக உழுத மண்ணையும் குடியிருந்த மனையையும் தமது என்று காட்டுவதற்கு அவர்கள் கையில் பட்டா இல்லை. வாரம் வாங்குபவரே வழக்கையும் தீர்க்கும் இடத்தில், குடியானவன் யாரிடம் சென்று முறையிடுவான்?

மலைக்குக் கீழே காலம் வேறு வேகத்தில் ஓடியது. 1802-ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வை ஜமீன்தார்களை நிலத்தலைவர்களாக நிலைநிறுத்தியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1908-இல் வந்த சென்னை எஸ்டேட் நிலச் சட்டம், ஜமீன் நிலத்தை உழும் குடிகளுக்கு நிலையான அனுபவ உரிமையை வழங்கியது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் நிறைவேறியது. 1955-இல் குத்தகைச் சாகுபடியாளரை வெளியேற்றத்திலிருந்து காக்கும் சட்டமும், 1956-இல் நியாய வாரச் சட்டமும் தொடர்ந்தன. எஞ்சியிருந்த இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்க 1963-இல் மற்றொரு சட்டம் வந்தது. ஜாகீர்தார்கள் நீதிமன்றத்தை நாடினர், வழக்குகள் நீண்டன. 1976-ஆம் ஆண்டில்தான் கல்வராயன் மலை அரசின் நேர் நிருவாகத்தின்கீழ் வந்தது.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950-இல். ஆக, கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு வந்துபோகும் தொலைவில் வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம், குடியரசு பிறந்து இருபத்தாறு ஆண்டுகள் ஜாகீரின் குடிகளாகவே இருந்திருக்கிறது. வரலாறு இங்கே மற்றொரு முரணையும் வைத்திருக்கிறது. 1976 நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த ஆண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டில்தான். நாடெங்கும் அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டிருந்த வேளையில், இம்மலையின் மக்களுக்கு ஒரு பழைய தளை அறுந்தது. விடுதலை எல்லாருக்கும் ஒரே நாளில் விடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இதே வழக்கை உலகின் மறுகோடியில் நம் விசுவாசத்தைச் சார்ந்த மக்களும் நடத்தியிருக்கின்றனர். அயர்லாந்தில் நிலம் பெரும்பாலும் ஆங்கிலச் சார்புடைய பிரபுக்களிடம் இருந்தது. உழுதவர்கள் ஏழைக் கத்தோலிக்கக் குத்தகையாளர்கள். 1879-இல் விளைச்சல் பொய்த்தபோது வாரத்தைக் குறைக்கக் கோரி அவர்கள் இயக்கமாகத் திரண்டனர். 1880-இல் மேயோ வட்டாரத்தில் பாய்காட் என்னும் நிலமுகவரோடு ஊரே உறவை முறித்துக்கொண்டது. அவர் பெயரே புறக்கணிப்புக்கு உரிய ஆங்கிலச் சொல்லாயிற்று. 1881-இல் நியாய வாரத்திற்கும் நிலையான குடியிருப்புக்கும் சட்டம் வந்தது. 1903-இல் வந்த சட்டம், குடிகள் அரசுக் கடன்பெற்று நிலத்தை விலைக்கு வாங்கும் வழியைப் பெரிதும் விரிவாக்கியது.

அப்போராட்டத்தின் சில முறைகளை 1888-இல் உரோமை கண்டித்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் மூன்றே ஆண்டுகளில், 1891-இல், தொழிலாளரின் நிலை பற்றிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டார். தனியுடைமையை ஏற்ற அம்மடல், உழைப்பவன் தன் உழைப்பால் ஒரு துண்டு நிலத்தையேனும் உடைமையாக்கிக்கொள்ள வழி வேண்டும் என்றும் வற்புறுத்தியது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டில் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. பெருநிலங்களில் குத்தகைக்கு உழுவோர் மனிதருக்குத் தகாத வருவாயோடும், தக்க வீடின்றியும், இடைத்தரகரால் சுரண்டப்பட்டும் வாழ்வதை அது சுட்டிக்காட்டிச் சீர்திருத்தம் கோரியது. அந்த வரிகள் எழுதப்பட்ட ஆண்டிலும் கல்வராயனில் ஜாகீர் நடந்துகொண்டிருந்தது.

இப்போதனை புதிதன்று. நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் அந்நியரும் விருந்தினருமே என்பது லேவியர் நூலின் சட்டம். அச்சட்டத்தின் முன் நிலத்தலைவனும் ஒரு குடியே. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு விரும்பியதும், ஈசபேல் போலி வழக்கொன்றைப் புனைந்ததும், எலியா அரசனை நேருக்கு நேர் நின்று கேட்டதும் நாம் அறிந்தவை. நாபோத்து கொல்லப்பட்டது நீதிமன்றத்தின் தோற்றம் கொண்ட ஒரு சடங்கின் வழியாகத்தான் என்பதை மட்டும் இங்கு நினைவுகூர்வோம். முத்திரையிட்ட எழுத்து எப்போதும் நீதியாகிவிடாது.

ஜாகீர் போயிற்று, சிக்கல் தீர்ந்ததா? தமிழ்நாட்டில் மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். ஆயினும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இம்மாநிலத்தில் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் நம்பிக்கை தந்தது. ஆனால் நீதிமன்றத் தடையால் இங்கே உரிமைச் சான்று வழங்குவது பல ஆண்டுகள் தடைபட்டது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் வழி திறந்தது. இடையில் அரசு ஏழைகளுக்கு வீடு கட்ட நிதியுதவி தருகிறது. அதைப் பெற மனைப்பட்டா வேண்டும். பட்டா இல்லாதவன் கூரை ஒழுகும் குடிசையிலேயே இருக்கிறான். உதவி மிகத் தேவைப்படுபவனுக்கே உதவி எட்டாமற்போகும் விந்தை இது.

செல்வ நாடுகளிலும் இவ்விந்தை உண்டு. இங்கிலாந்தில் வாடகை கட்ட இயலாதோருக்கு அரசே வாடகை உதவி வழங்குகிறது. அவ்வுதவியை நம்பி வாழ்வோருக்கு வீடு தருவதில்லை என வீட்டுக்காரர்களும் முகவர்களும் வெளிப்படையாகவே அறிவித்துவந்தனர். அப்படிப்பட்ட மறுப்பு பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் மறைமுகமாகப் பாகுபடுத்துவது, சட்டத்திற்குப் புறம்பானது என்று 2020-இல் யார்க் நகர நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பணத்தை அரசு கொடுத்துவிடலாம். கதவைத் திறக்கும் மனத்தை வேறு வழியில்தான் பெற வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதனையடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், வேலை என்று அங்கே எழுந்த கேள்விகள் புதியன அல்ல. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டிருக்க வேண்டியவை அவை. ஒரு மலையைச் சாராயத்தின் பெயரால் மட்டும் நினைவில் வைத்திருப்பது எளிது; அந்த மலையில் உழைப்புக்கு நெடுங்காலம் கூலியே இல்லாதிருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பதுதான் கடமை.

நாம் செய்யக்கூடியது என்ன? வனவுரிமைச் சட்டப்படி உரிமைக் கோரிக்கையை முதலில் பெறுவது கிராம சபைதான். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் அந்நிலத்தை அனுபவித்துவந்ததற்கு ஊர்ப் பெரியோரின் எழுத்து வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும். படித்த இளைஞர் இருவர் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து ஒரு முதியவரின் சொல்லை எழுத்தாக்கினால், அது ஒரு குடும்பத்தின் கூரைக்கு அடித்தளமாகலாம். நம்முள் வீடும் நிலமும் உடையோர், குடியிருப்போரிடம் வாங்கும் தொகைக்கு முறையாக இரசீது தருவதும், உரிய கால அறிவிப்பின்றி எவரையும் வெளியேற்றாதிருப்பதும் இதே அறத்தின் சிறிய வடிவங்கள். கல்வராயன் மக்கள் குடிவாரத்திலிருந்து குடியுரிமைக்கு நடந்துவருகின்றனர். எஞ்சிய தொலைவில் அவர்களோடு சேர்ந்து நடப்பது நமக்கும் உரிய வழிதான்.