கொலையுண்டோரின் வழக்கு முடிந்துவிட்டதா?

ஒடுக்குமுறையை ஆராய்வோர் பெரும்பாலும் வாழ்கின்றவர்களையும் இனி வரப்போகிறவர்களையுமே கருத்திற் கொள்கின்றனர். ஒடுக்கப்பட்ட நிலையிலேயே மாண்டுபோனவர்களுக்கு நீதி உண்டோ? 1937இல் மாக்ஸ் ஹோர்க்ஹைமர், வால்ட்டர் பெஞ்சமின் ஆகிய இரு ஜெர்மன் யூத அறிஞரிடையே கடிதம் வாயிலாக எழுந்த கேள்வி இதுவே. இருவரும் நாட்சி ஆட்சிக்குத் தப்பி அந்நிய நாட்டில் வாழ்ந்தவர்கள்.

ஹோர்க்ஹைமர், 1923இல் பிராங்க்பர்ட்டில் நிறுவப்பட்ட சமூக ஆய்வு நிறுவனத்தின் தலைவர். விமர்சனக் கோட்பாடு என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. 1930இல் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கத் துணைநின்றவர் நம் மாணவர் நன்கறிந்த பால் டில்லிக் ஆவார். (அடோர்னோ கீர்க்ககார்டைப் பற்றி எழுதிய ஆய்வுக்கும் டில்லிக்கே வழிகாட்டி.) எனவே இக்கோட்பாடும் இறையியலும் பிறவிப் பகைவர் என்னும் எண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாது.

கடந்தகாலம் முடிவடையாதது என்னும் பெஞ்சமினின் கருத்தை ஹோர்க்ஹைமர் ஏற்கவில்லை. நடந்த அநீதி நடந்ததே, கொலையுண்டோர் கொலையுண்டோரே, முடிவடையவில்லை என்று மெய்யாகவே கூறுவோமாயின் இறுதி நியாயத்தீர்ப்பை நம்பவேண்டியிருக்கும் என்று எழுதினார். வரலாறு அறிவியல் மட்டுமன்று, நினைவுகூருதலுமாகும். முடிந்துபோன துன்பத்தை நினைவு முடியாததாக்கும். இது இறையியலே என்று பெஞ்சமின் தம் குறிப்புகளில் வரைந்தார். ஆயினும் வரலாற்றை நேரடியாக இறையியற் சொற்களால் எழுதலாகாது என்பதையும் சேர்த்தே சொன்னார். 1940இல் ஸ்பெயின் எல்லையில், போர்ட்போ என்னும் ஊரில், பிடிபடுவோம் என்னும் அச்சத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அக்குறிப்புகள் 1982இல்தான் அச்சேறின.

ஹோர்க்ஹைமரின் மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. நியாயத்தீர்ப்பின்றிக் கொலையுண்டோருக்கு நம்பிக்கையில்லை என்பதை நம்மிற் பலரைவிடத் தெளிவாகக் கண்டவர் அவர். 1970இல் அளித்த பேட்டியிலும், கொலைகாரன் குற்றமற்றவனை வெற்றிகொள்ளலாகாது என்னும் ஏக்கமே இறையியல் என்றார். ஆனால் கடவுள் உண்டெனத் துணிந்து கூறவில்லை. மோல்ட்மன் 1972இல் வெளியிட்ட சிலுவையைப் பற்றிய நூலில் இவ்வேக்கத்தோடு உரையாடினார். ஹெல்முட் பாய்க்கர்ட் 1976இல் 1937ஆம் ஆண்டின் கடித விவாதத்தையே எடுத்து, இயேசுவின் உயிர்த்தெழுதலை அதற்கு எதிரே நிறுத்தினார்.

இவ்விடை சரியே; எனினும் அதை விரைந்து கூறும் போதகர், ஆபேலின் இரத்தம் கூப்பிடுவதைக் கேளாமலே ஈஸ்டருக்குத் தாவிவிடக்கூடும். ஜெர்மன் திருச்சபையின் நினைவும் குறையற்றதாயிருக்கவில்லை. 1934ஆம் ஆண்டின் பார்மன் அறிக்கையில் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1945ஆம் ஆண்டின் ஸ்டுட்கார்ட் குற்ற அறிக்கையிலும் அவர்கள் பெயரிடப்படவில்லை. மௌனத்தால் தாங்களும் குற்றத்திற் பங்குற்றதை, யூதரைப் பெயரிட்டு, ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபையின் சினாடு அறிக்கையிட்டது 1950இல், பெர்லின் வைசென்சேயில்.