நீண்ட சொல்லின் நடுவே ஒரு திருச்சபை

ஆங்கிலத்தின் நீளமான சொற்களுக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுவது ‘ஆன்டிடிஸ்எஸ்டாப்லிஷ்மென்டேரியனிசம்’. 28 எழுத்துகள், 12 அசைகள். 1955இல் அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் பால்டிமோரைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி இதைப் பிழையின்றி எழுத்துக்கூட்டிச் சொன்னாள். சொல்லும் புகழ்பெற்றது. எழுத்துக்கூட்டத் தெரிந்த பலரும் அதன் பொருளைத் தேடிப் போவதில்லை.

நன்னூலார் பகுபதத்தைப் பிரிப்பதுபோல் இதையும் பிரித்துப் பார்க்கலாம். தமிழில் பகுதி சொல்லின் முதலில் நிற்கும். இங்கோ அது நடுவில் இருக்கிறது. ‘எஸ்டாப்லிஷ்’ என்றால் நிறுவு. ‘மென்ட்’ சேர, அரசு சட்டத்தால் நிறுவிய திருச்சபையின் நிலை. முன்னே ‘டிஸ்’ வர, அந்நிலையை நீக்குதல். ‘ஏரியன்’ ஒட்ட, நீக்கக் கோருபவர். ‘ஆன்டி’யும் ‘இசமு’ம் இரு முனைகளிலும் சேர, அவரை எதிர்க்கும் கொள்கை.

அழுத்தமும் இடம் மாறுகிறது. ‘எஸ்டாப்லிஷ்’ தனித்து நிற்கையில் ‘டாப்’ மீது விழுந்த முதன்மை அழுத்தம், ‘ஏரியன்’ ஒட்டியதும் எட்டாம் அசையான ‘டேர்’ மீது தாவுகிறது. ‘பார்லிமென்ட்’ ‘பார்லிமென்டேரியன்’ ஆகும்போதும் இதுவே நேர்கிறது. பொருளின் வேர் ஓரிடம், குரலின் வலு வேறிடம்.

இந்த இலக்கணத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தோர் மக்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினரே. ஆயினும் அதற்குரிய தசமபாகத்தைக் கத்தோலிக்க உழவர்களும் செலுத்த வேண்டியிருந்தது. 1830களில் அது கலவரமாக வெடித்தது. கிளாட்ஸ்டன் அரசு 1869இல் நிறைவேற்றிய சட்டத்தால், 1871 ஜனவரி 1 முதல் அங்கே அரசுத் திருச்சபை இல்லாமற் போயிற்று. வேல்ஸுக்கான சட்டம் 1914இல் நிறைவேறியபோதும், உலகப்போர் குறுக்கிட்டதால் 1920இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இங்கிலாந்தில் மட்டும் வழக்கு முடியவில்லை. மன்னரே இன்றும் திருச்சபையின் உச்ச ஆளுநர். பிரபுக்கள் அவையில் 26 ஆயர்களுக்கு இடமுண்டு. ஆகவே இச்சொல் குறிக்கும் கொள்கை அங்கே தோற்றுவிடவில்லை. சொல்தான் தன் பொருளை இழந்து நாக்குப் பயிற்சியாகிவிட்டது.

அயர்லாந்து உழவனுக்கோ அதன் முழு நீளமும் தேவைப்படவில்லை. அவன் வேண்டியது ‘டிஸ்’ என்ற ஓரசை மட்டுமே.