பஞ்ச அச்சமும் பங்கீட்டு நெறியும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலையைக் கடந்து மேலேறும் வீதி அக்கரப்பத்தனையை அடையுமிடத்து, மலைச்சாரல் எங்கும் தேயிலையே பசுமையாய்ப் பரந்து கிடக்கும். ஆயினும் அப்பசுமை உலையிலிட உதவுவதன்று. அங்கு வாழும் மக்கள் உண்ணும் அரிசி பிற இடங்களிலிருந்தே வருதல் வேண்டும். உணவு இல்லாது போய்விடுமோ என்னும் அச்சம் ஒரு சமுதாயத்தையும் அதன் ஆட்சியையும் எவ்வாறு உருவாக்குகின்றது என்பதற்கு, இம்மலைநாட்டின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

இம்மக்களின் முன்னோரைக் கடல் கடக்கச் செய்ததும் அவ்வச்சமே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பெருந்தொகையினர் பிழைப்பு நாடி இலங்கைக்கு வந்தனர். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்பட்டமையால் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. தோட்ட நிருவாகமே அரிசியைக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக் கொண்டது. பசிக்கு அஞ்சி வந்தவர், அரிசியாலேயே தோட்டத்தோடு பிணிக்கப்பட்டனர்.

1942ஆம் ஆண்டில் அச்சம் நாடு முழுவதையும் பற்றிக்கொண்டது. இலங்கைக்கு அரிசி அனுப்பிவந்த பர்மா யப்பானியர் வசமாயிற்று. அரசு அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீட்டை நடைமுறைப்படுத்தியது. கூப்பன் உடையவர்க்கெல்லாம் வரையறுத்த அளவு என்னும் அவ்வேற்பாட்டினுள் தோட்டத் தொழிலாளரும் அடங்கினர். தட்டுப்பாடு நீங்கவில்லை, ஆனால் அது பகிரப்பட்டது.

அக்காலத்து வங்காளத்தின் கதை வேறு. அங்கும் பர்மா அரிசி நின்றது, ஆயின் அயல் மாகாணங்கள் தம் தானியம் வெளியேறாது தடுத்தன, வணிகர் பதுக்கினர், விலை ஏறியது. கல்கத்தாவின் தொழிற்சாலைப் பணியாளர்க்கு மலிவு உணவு கிடைக்க, நாட்டுப்புறக் கூலிகள் 1943இல் இலட்சக் கணக்கில் மாண்டனர். ஒரே அச்சம் ஓரிடத்திற் பங்கீட்டையும், மற்றோரிடத்தில் வேலியையும் பிறப்பித்தது.

போருக்குப் பின்னும் இலங்கையில் பங்கீடு தொடர்ந்தது. மக்கள் அதனைத் தம் உரிமையெனக் கொண்டனர். 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. உயிர்களும் பலியாயின. இரண்டு திங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். பின்னர் விலையும் ஓரளவு தணிக்கப்பட்டது. அன்று முதல் அரிசி விலையைத் தொட எந்த அரசும் தயங்கியது. வாக்காளரின் பசியச்சம், ஆள்வோரின் அச்சமாக மாறிற்று.

மலைநாட்டிலோ அம்மாற்றம் நிகழ வழியில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும், அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்திருந்தனர்.

இதன் பொருள் 1973, 1974ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின; அந்நியச் செலாவணி வற்றியது. பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது. பதுக்கலைத் தடுக்கும் நோக்குடன், தனியார் அரிசி கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, வீதிகளிற் சோதனைச் சாவடிகள் எழுந்தன. நெல் விளையும் ஊரிலுள்ளவனுக்குச் சாவடி ஓர் இடையூறு. நெல் விளையாத மலையிலுள்ளவனுக்கோ அது உலையை அணைக்கும் கை. கிராமத்தானுக்குப் பலாவும் தோட்டக்காணியும் துணை நின்றன. லயத்து மக்களுக்குக் கொழுந்து பறித்த கூலியன்றி வேறில்லை. 1974இல் தோட்டப் பகுதிகளின் மரண விகிதம் நாட்டின் பொது விகிதத்தினும் மிக உயர்ந்தது. குழந்தைகளே பெரிதும் மடிந்தனர். பலர் பட்டினியால் தோட்டங்களை நீங்கி, வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். 1953இல் விலையேற்றம் பிரதமரையே பதவி நீங்கச் செய்தது. 1974இல் தோட்ட மக்களின் சாவுக்கு அத்தகைய வலிமை இருக்கவில்லை. அவர்களுட் பலர் குடியுரிமைக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பஞ்சத்திற்கு அஞ்சுதல் குற்றமன்று; அஞ்சாத அரசு களஞ்சியமும் வைக்காது. ஆனால் அவ்வச்சத்தோடு முதலில் எழும் வினா, இருப்பது எவ்வளவு என்பதன்று. பங்காளிகள் யார் என்பதே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றபோதும் அவ்வினா மீண்டும் எழுந்தது. ஆகவே ஓர் உணவுக் கொள்கையின் தகுதியைத் தலைநகரின் களஞ்சியத்தில் அளத்தல் போதாது. வீதியின் கடைசி வளைவில், அக்கரப்பத்தனை போன்ற ஊரின் லயத்து அடுப்பில் உலை கொதிக்கின்றதா என்பதே அதன் சரியான அளவுகோல்.