இந்தியாவில் பிளேஸ்டேசன் 3

பிளேஸ்டேசன் 3 என்பது சப்பான் நாட்டின் சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் உருவாக்கிய நிகழ்பட ஆட்ட இயந்திரம் ஆகும். பிளேஸ்டேசன் வரிசையில் இது மூன்றாவது. 2006 நவம்பர் 11 அன்று சப்பானிலும், நவம்பர் 17 அன்று வட அமெரிக்காவிலும், 2007 மார்ச் 23 அன்று ஐரோப்பாவிலும் வெளியிடப்பட்டது. இந்தியாவில் 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய் விலையில் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் இது ஒரு நூறு சிசி மோட்டார் சைக்கிளின் விலைக்கு அண்மையானதாகும். 2006-07ஆம் ஆண்டில் இந்தியாவின் தனிநபர் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 30,000 ரூபாயாக இருந்தது. அதனையும் தாண்டிய விலையுள்ள ஒரு விளையாட்டுக் கருவி இந்நாட்டில் நிலைபெற இயலுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதற்கான விடை பெருநகரங்களில் ஒன்றாகவும், விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் வேறொன்றாகவும் அமைந்தது.

முன்வரலாறு

இந்திய வீடுகளில் நிகழ்பட ஆட்டம் முதலில் பரவலானது 'டிவி கேம்' என்ற பெயரில்தான். நின்டெண்டோவின் எட்டு பிட்டு இயந்திரத்திற்கு இணக்கமான கருவிகள் 1980களின் இறுதியிலும் 1990களிலும் பல பெயர்களில் விற்கப்பட்டன. அவற்றுள் 'சாமுராய்' என்ற வணிகப்பெயர் பலருக்கும் நினைவிருக்கும். பல ஆட்டங்களை ஒரே பேழையில் அடக்கிய மலிவான போலிகளும் சந்தையில் மிகுந்திருந்தன. இவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் மூல இயந்திரத்தை உருவாக்கியது யார் என்பதை அறிந்திருக்கவில்லை.

விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றை இந்தியாவில் விற்கும் முயற்சி பிளேஸ்டேசன் 3 உடன் தொடங்கவில்லை. 1995இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் இயந்திரத்தை சா வாலேசு நிறுவனம் இந்தியாவில் வெளியிட்டது. 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்க்கும் நோக்கில் இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. எனினும் இயந்திரத்தின் விலை 18,000 ரூபாயாக இருந்தது. 1995ஆம் ஆண்டின் ஊதியங்களோடு ஒப்பிட்டால் இது 2007இன் 39,990 ரூபாயைவிடவும் பெருந்தொகை எனலாம்.

பின்னர் வந்த பிளேஸ்டேசன் 2 உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்பனையாகி, அதிகம் விற்ற வீட்டு ஆட்ட இயந்திரம் என்ற இடத்தைப் பெற்றது. இந்தியாவிலும் சோனிக்கு வலுவான அடித்தளம் அமைத்தது இதுவே. 2006 செப்டம்பரில் மைக்ரோசாப்டு நிறுவனம் எக்சுபாக்சு 360 இயந்திரத்தை 19,990 ரூபாய், 23,990 ரூபாய் என்ற இரு விலைகளில் இந்தியாவில் வெளியிட்டது. நடிகர் அட்சய் குமாரும் துடுப்பாட்ட வீரர் யுவராசு சிங்கும் அதன் விளம்பரங்களில் தோன்றினர். ஆக, பிளேஸ்டேசன் 3 வந்து சேரும்போதே அதன் விலையில் பாதிக்குக் கிடைக்கும் போட்டியாளர் ஒருவர் கடைகளில் இருந்தார்.

உயர்விலைக்கான காரணங்கள்

ஐபிஎம், தோசிபா நிறுவனங்களுடன் இணைந்து சோனி உருவாக்கிய 'செல்' என்னும் நுண்செயலியும், அப்போது புத்தம் புதிதாக இருந்த ப்ளூ-ரே வட்டு இயக்கியும் இயந்திரத்தின் செலவை உயர்த்தின. அமெரிக்காவில் 20 கிகாபைட்டு வன்தட்டு கொண்ட வடிவம் 499 டாலருக்கும், 60 கிகாபைட்டு வடிவம் 599 டாலருக்கும் விற்கப்பட்டன. அதே மாதத்தில் வெளிவந்த நின்டெண்டோ வீயின் விலை 249 டாலர் மட்டுமே. சப்பானில் 20 கிகாபைட்டு வடிவத்திற்கு முதலில் அறிவிக்கப்பட்ட 62,790 யென் விலையை, வெளியீட்டுக்கு முன்னரே 49,980 யென்னாகக் குறைக்க நேர்ந்தது.

இவ்வளவு விலை வைத்தும் சோனிக்கு இழப்பே ஏற்பட்டது. ஐசப்ளை என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2006 நவம்பரில் இயந்திரத்தைப் பிரித்துக் கணக்கிட்டபோது, 599 டாலருக்கு விற்கப்பட்ட வடிவத்தின் உருவாக்கச் செலவு ஏறத்தாழ 840 டாலர் எனத் தெரியவந்தது. விற்ற ஒவ்வொன்றிலும் சுமார் 240 டாலர் இழப்பு என்பது இதன் பொருள். 2007 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில் சோனியின் ஆட்டப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கும் மேலான நட்டத்தைப் பதிவுசெய்தது. இயந்திரத்தை நட்டத்தில் விற்று, ஆட்டங்களின் விற்பனையில் ஈட்டுவது இத்துறையின் பழைய வழக்கம். ஆனால் நட்டம் இந்த அளவிற்குப் போனதில்லை.

உயர்விலை இயந்திரங்களின் வரலாறும் நம்பிக்கை தருவதாக இல்லை. 1993இல் ஏறத்தாழ 700 டாலர் விலையில் வந்த 3டிஓ இயந்திரம் சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்தது. இருந்தும் பிளேஸ்டேசனின் தந்தை எனப்படும் கென் குட்டராகி, இதனை வாங்குவதற்காக மக்கள் கூடுதல் நேரம் உழைக்க விரும்ப வேண்டும் என்ற பொருளில் பேசியது பரவலாக விமர்சிக்கப்பட்டது.

இந்திய விலை

599 டாலர் என்பது 2007 ஏப்ரல் மாற்று வீதத்தில் ஏறத்தாழ 25,000 ரூபாய். இந்தியாவில் கேட்கப்பட்டதோ 39,990 ரூபாய். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது என்பதைக் கருத்தில் கொண்டாலும் இடைவெளி பெரிது. இறக்குமதித் தீர்வை, உள்நாட்டு வரிகள், விநியோகச் செலவு ஆகியவை இவ்விடைவெளியில் அடங்கும். இதன் விளைவாக, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மூலம் இயந்திரத்தை வரவழைப்பதும், உத்தரவாதம் இல்லாத இறக்குமதிப் பொருளைச் சந்தையில் வாங்குவதும் வழக்கமாயின.

இயந்திரத்தின் விலையோடு செலவு முடிவதில்லை. ஒவ்வொரு புதிய ஆட்டமும் 2,000 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்கள் வாங்கும் ஒருவர் நான்கு ஆண்டுகளில் இயந்திரத்தின் விலைக்கு இணையான தொகையை வட்டுகளுக்கே செலவிட வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் நிலை

விழுப்புரம் மாவட்டம் 1993இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. வேளாண்மையை முதன்மையாகக் கொண்ட இம்மாவட்டத்தின் தலைநகரான விழுப்புரத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 96,000, திண்டிவனத்தினுடையது ஏறத்தாழ 73,000. இரண்டும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலும் தொடருந்துப் பாதையிலும் அமைந்தவை. நிகழ்பட ஆட்ட வணிகத்தைப் பொறுத்தவரை இவ்விடவமைப்பே இவ்வூர்களின் தன்மையைத் தீர்மானித்தது. விலையுயர்ந்த மின்னணுப் பொருளை வாங்க விரும்புபவர் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ செல்வது இயல்பு. சென்னையின் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் தொடருந்தில் சில மணி நேரத் தொலைவு. புதுச்சேரியோ பேருந்தில் ஒரு மணி நேர அளவே. தமிழகத்தைவிட விற்பனை வரி குறைவாக இருந்த காலத்தில் புதுச்சேரிக்கு இவ்வகையில் தனி ஈர்ப்பும் இருந்தது. வாங்குவது எளிது. பழுதானால் அதே தொலைவு திரும்பச் செல்ல வேண்டும் என்பதே சிக்கல்.

இரண்டாவது தடை தொலைக்காட்சிப் பெட்டி. பிளேஸ்டேசன் 3இன் முதன்மைச் சிறப்பாகச் சொல்லப்பட்டது உயர் வரையறைப் படத்தெளிவு. அது வெளிவந்த அதே ஆண்டுகளில் தமிழக அரசு வீடுதோறும் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில் ஒன்றரைக் கோடி அளவிலான பெட்டிகள் வழங்கப்பட்டன. இயந்திரத்துடன் கொடுக்கப்பட்ட மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட கம்பியால் அப்பெட்டியிலும் ஆட முடியும். ஆனால் பெரிய திரைக்காக வடிவமைக்கப்பட்ட எழுத்துகள் அதில் படிக்க இயலாத அளவு சிறுத்துத் தெரிந்தன. எச்டி கம்பி பெட்டிக்குள் வைக்கப்படவே இல்லை. இயந்திரத்தின் முழுப் பயனையும் பெறத் தட்டைத்திரைத் தொலைக்காட்சி வேண்டும், அதன் விலையோ இயந்திரத்தை ஒத்தது அல்லது அதிலும் மிகுதி.

மூன்றாவது மின்சாரம். 2008 முதல் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. 2012இல் அது உச்சத்தை அடைந்தபோது சென்னைக்கு ஒரு அளவும் பிற மாவட்டங்களுக்கு அதைவிடப் பன்மடங்கும் எனப் பகிரப்பட்டது. வன்தட்டு கொண்ட இயந்திரம் ஆட்டத்தின் நடுவே அணைந்தால், சேமிக்காத முன்னேற்றம் அழிவதோடு வன்தட்டிலுள்ள கோப்புகளும் பழுதடையக்கூடும். பேழை செருகும் பழைய டிவி கேமுக்கு இந்த அச்சம் இருந்ததில்லை. இணையமும் இதற்கு இணையான தடையாக இருந்தது. விநாடிக்கு 256 கிலோபிட்டு வேகம் கொண்ட அகலப்பட்டை இணைப்பில் 500 மெகாபைட்டு மேம்படுத்தல் ஒன்றைப் பதிவிறக்க நான்கு மணி நேரத்திற்கு மேலாகும். அதற்குள் மின்சாரம் போய்விடுவதும் உண்டு.

ஆகவே இதுபோன்ற ஊர்களின் சிறுவர்களுக்கு இவ்வியந்திரம் சொந்தப் பொருளாக அன்றி, மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் கேம் கடைகளின் வழியாகவே அறிமுகமானது. இவ்வகைக் கடைகள் தமிழகமெங்கும் இருந்தன. கடைக்காரரின் கணக்கு எளியது: எவ்வளவு விரைவில் போட்ட முதல் திரும்பும் என்பதே. அக்கணக்கில் பல ஆண்டுகள் வரை வென்றது பிளேஸ்டேசன் 2 தான்.

படியெடுத்த வட்டுகள்

பிளேஸ்டேசன் 2இன் இந்தியச் செல்வாக்கிற்கு ஆட்டங்களின் தரம் மட்டும் காரணம் அன்று. 'சிப் போட்ட' இயந்திரத்தில் படியெடுத்த வட்டுகள் ஓடின. மூல வட்டின் விலையில் சிறு பகுதிக்கே அவை கிடைத்தன. எக்சுபாக்சு 360இன் வட்டு இயக்கியும் விரைவிலேயே இவ்வாறு மாற்றப்பட்டது. பிளேஸ்டேசன் 3இல் நிலைமை வேறு. ப்ளூ-ரே வட்டைப் படியெடுக்கும் கருவிகளே அப்போது அரிது. இயந்திரத்தின் பாதுகாப்பும் 2010 ஆகஸ்டு வரை உடைபடவில்லை. சட்டப்படி இது நிறுவனத்தின் வெற்றி. சிறுநகர வாடிக்கையாளருக்கோ, 39,990 ரூபாய் கொடுத்த பின்னும் ஒவ்வொரு ஆட்டத்திற்கும் முழு விலை தரவேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். விற்பனையைத் தடுத்ததில் இயந்திரத்தின் விலைக்கு இருந்த பங்கு இதற்கும் இருந்தது எனலாம்.

எக்சுபாக்சு 360இன் மலிவுக்கும் ஒரு விலை இருந்தது. சிவப்பு விளக்குகள் ஒளிர்ந்து இயந்திரம் செயலிழக்கும் பழுது பெருகியதால், 2007 சூலையில் மைக்ரோசாப்டு அப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, அதற்கென 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது.

பிளேஸ்டேசன் 2இன் நீட்சி

சோனி நிறுவனமே இந்தியாவில் பழைய இயந்திரத்தைக் கைவிடவில்லை. பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் பிளேஸ்டேசன் 2 தொடர்ந்து விற்கப்பட்டது. இந்தியர்களுக்கென உருவாக்கப்பட்ட ஆட்டங்களும் முதலில் அதற்கே வந்தன. ஐதராபாத்தின் அவுரோனா நிறுவனம் உருவாக்கிய 'அனுமான்: பாய் வாரியர்' 2009இல் வெளியானது. முழுவதும் இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேசன் 2 ஆட்டம் இதுவாகும். கபடி, கிட்டிப்புள் உள்ளிட்ட நாட்டு விளையாட்டுகளைக் கொண்ட 'தேசி அட்டா' அதே ஆண்டில் வந்தது. 2011இல் சாருக் கான் நடித்த ரா.ஒன் திரைப்படத்தை ஒட்டிய ஆட்டம் பிளேஸ்டேசன் 3க்கும் 2க்கும் சேர்த்தே வெளியிடப்பட்டது. புதிய இயந்திரம் வந்து நான்கு ஆண்டுகள் கடந்தும் பழையதை விடமுடியாத நிலையை இது காட்டுகிறது. பிளேஸ்டேசன் 2இன் உற்பத்தி 2013 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது.

விலைக்குறைப்பும் பின்னைய நிலையும்

2008 பெப்ரவரியில் தோசிபா தனது எச்டி டிவிடி வடிவத்தைக் கைவிட்டதால் ப்ளூ-ரே வென்றது. அவ்வெற்றியில் பிளேஸ்டேசன் 3க்குப் பெரும்பங்கு உண்டு. 2009 செப்டம்பரில் மெலிந்த வடிவம் 299 டாலருக்கு வெளியானது. இந்தியாவிலும் விலை தொடக்க விலையில் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. அதன் பின்னரே விற்பனை சீரானது. உலக அளவில் மொத்தம் 8.7 கோடிக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் விற்றன. எக்சுபாக்சு 360 இதற்கு அண்மையில், 8.4 கோடியில் நின்றது. வீ 10 கோடியைத் தாண்டியது. முன்னோடியின் 15 கோடியோடு ஒப்பிட்டால் பிளேஸ்டேசன் 3 தோல்வியாகவும், தொடக்க நிலையோடு ஒப்பிட்டால் மீட்சியாகவும் தோன்றும். எந்த ஆண்டின் கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

தமிழகச் சிறுநகரங்களில் இதற்குள் வேறு கருவிகள் அவ்விடத்தைப் பிடித்துவிட்டன. 2011 செப்டம்பர் முதல் அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பாடத்திற்கென வந்த அவற்றில் ஆட்டங்களும் ஏறின என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2016க்குப் பின் மலிந்த கைப்பேசி இணையம், காசு கேட்காத ஆட்டங்களை ஊர்தோறும் கொண்டுசென்றது.

பிளேஸ்டேசன் 4 இந்தியாவில் 2014 தொடக்கத்தில் அதே 39,990 ரூபாய்க்கு வந்தது. ஏழு ஆண்டுப் பணவீக்கத்திற்குப் பிறகு அத்தொகை முன்னைப்போல் கனக்கவில்லை. 2017 சூலையில் ஆட்ட இயந்திரங்களுக்கு விதிக்கப்பட்ட 28 சதவீதப் பொருள் சேவை வரி, 2019 சனவரி முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய் விலையில் வெளியான பிளேஸ்டேசன் 5இன் முதல் முன்பதிவு சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. 2022 நவம்பரில் அதன் விலை 54,990 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய இயந்திரங்கள் காலப்போக்கில் மலிவாகும் என்ற வழக்கத்திற்கு இது மாறானது.

சப்பானில் பிளேஸ்டேசன் 3இன் விநியோகம் 2017இல் முடிவுற்றது. அதன் இணையக் கடையை 2021 சூலையில் மூடப்போவதாகச் சோனி அறிவித்தது. பயனர்களின் எதிர்ப்பால் அம்முடிவு ஏப்ரலிலேயே திரும்பப் பெறப்பட்டது.