குளிர்ந்த தேநீரும் மறைந்த கைகளும்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில், இனிப்பூட்டிக் குளிரவைத்த தேநீர் இல்லாத வீட்டை விருந்தோம்பும் வீடென்று எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஜோர்ஜியாவிலும் அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அது தாகந் தீர்க்கும் பானம் மட்டுமன்று, ஊர்ப் பெருமையுமாகும். அதற்கு ஒரு பிறப்புக் கதையும் உண்டு. 1904ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. இந்தியத் தேயிலையைப் பரப்ப வந்திருந்த றிச்சர்ட் பிளெச்சின்டன் என்பவர், கோடை வெயிலில் தமது சுடுதேநீரை ஏறெடுத்தும் பார்ப்பாரின்றித் தவித்து, ஈற்றில் அதனைப் பனிக்கட்டியின் மேல் ஊற்றினாராம். கூட்டம் வந்து மொய்த்ததாம். புதியதொரு பானம் பிறந்ததாம்.

வணிகர் சொல்லும் வரலாறு பெரும்பாலும் இவ்வாறுதான் அமைகிறது. சமயோசித புத்தியுள்ள ஒரு மனிதர், ஒரு வெயில் நாள், ஒரு சந்தை, இவை போதும். ஆனால் கண்காட்சிக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1890இல், அதே மிசூரி மாநிலத்தின் நெவாடா என்னும் சிற்றூரில் தென்னவர் படையின் பழைய போர்வீரர்கள் கூடி உண்ட விருந்தில் 880 கலன் குளிர்ந்த தேநீர் பரிமாறப்பட்டதாக அவ்வூர்ச் செய்தித்தாள் எழுதிற்று. அதற்கும் முன்னர், 1879இல், வேர்ஜீனியாவைச் சேர்ந்த மரியன் கபெல் ரைறி தொகுத்த சமையல் நூலிலே செய்முறையும் அச்சேறிவிட்டது. பிளெச்சின்டன் பானத்தைப் பரப்பியிருக்கலாம். கண்டுபிடித்தவர் அவரல்லர்.

ரைறியின் செய்முறையை நாம் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். காலை உணவு வேளையில் பச்சைத் தேயிலையிற் கொதிநீர் விட வேண்டும். நண்பகலில் கலக்காமல் வடித்து வைக்க வேண்டும். மாலையில் மண்டியை விலக்கி ஊற்றியெடுத்து, பனிக்கட்டி நிறைந்த குவளைகளிற் சீனியிட்டு, அதன் மேல் வார்க்க வேண்டும். ஒரு பானத்துக்கு ஒரு நாள் முழுவதும் அடுக்களையிற் கண் வைத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அந்தக் கண் யாருடையது? அடிமை முறை சட்டப்படி ஒழிந்த 1865இலிருந்து பதினான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. தெற்கின் வசதி படைத்த வெள்ளையர் வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். நூலிற் பெயர் பெற்றவர்கள் வீட்டுத் தலைவிகள். 1938இல் அமெரிக்கா குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கிய போதும் வீட்டுப் பணியாளர் அதன் காப்புக்குள் வரவில்லை. 1974 வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

இன்றைய வீடுகளிற் செய்யும் முறை எளிது. கேத்தலில் நீரைக் கொதிக்க வைத்து, கறுப்புத் தேயிலையை ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிடுவார்கள். கசப்பை மட்டுப்படுத்தச் சிலர் ஒரு சிட்டிகை அப்பச்சோடா இடுவதுண்டு. சாயம் சுடச்சுட இருக்கும்போதே சீனியைக் கொட்டிக் கரைத்து, பின்னர் குளிர்ந்த நீர் சேர்த்து ஆறவிட்டு, பனிக்கட்டியின் மேல் ஊற்றுவார்கள்; எலுமிச்சைத் துண்டும் புதினாவும் அவரவர் விருப்பம். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் தேயிலையின் துவர்ப்புச் சத்தும் கபீனும் ஒன்றுசேர்ந்து தேநீர் கலங்கிவிடும். சூட்டிலேயே சீனியைக் கரைப்பதில்தான் தென்னவரின் மரபு அடங்கியுள்ளது. குளிர்ந்த குவளையிலிட்ட சீனி அடியிலே தங்கும். சூட்டிற் கரைந்ததோ துளிதோறும் கலந்து நிற்கும். ஒரு கலன் தேநீருக்கு ஒன்று முதல் இரண்டு கிண்ணம் சீனி இடுவது சாதாரணம். பாயசத்துக்கே சீனியை எண்ணிப் போடும் நமது வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டால் திகைப்பார்கள்.

இத்தனை சீனியை ஏழை வீடுகளும் அள்ளிக் கொட்டும்படி அது மலிந்தது எங்ஙனம்?

லூசியானாவில் 1795இல் எற்றியேன் டி போறே கரும்புச் சாற்றைச் சீனி மணியாக்கி இலாபம் கண்டார். அதன்பின் அங்கு கரும்பும் அடிமைகளும் ஒருங்கே பெருகினர். அறுவடைக் காலத்தில் ஆலைகள் இரவு பகலாக ஓடின. திறந்த கொப்பரைகளிற் கொதிக்கும் பாகை அகப்பையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது அடிமைகளின் வேலை. தீக்காயம் அவ்வேலையோடு பிறந்தது. இந்த முறைக்கு மாற்றைத் தந்தவர் நோபேர்ட் றில்லியே. நியூ ஓர்லியன்ஸிற் பிறந்தவர். வெள்ளைத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் மகன். ஒரு கலத்தின் ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கும் அவரது சாதனம் 1843இல் காப்புரிமை பெற்றது. விறகு மிஞ்சிற்று; சீனி வெளுத்தது; விலை இறங்கிற்று. உலகின் சீனி ஆலைகள் இன்றும் அத்தத்துவத்தின்மேல் இயங்குகின்றன. அவரோ தாம் பிறந்த நாட்டை விட்டகன்று 1894இல் பாரிஸில் மறைந்தார். சமயோசித மனிதரின் கதையே வேண்டுமெனில், இந்த மனிதரின் கதையை ஏன் எவரும் சொல்வதில்லை?

அடிமை முறை ஒழிந்த பின்னரும் கரும்பு வயல் மாறவில்லை. கூலியைப் பணமாகக் கொடாமல், தோட்டத்துக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டாகக் கொடுத்தனர். 1887 நவம்பரில் ஏறத்தாழப் பத்தாயிரம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நாளொன்றுக்கு ஒன்றேகால் டொலர் கூலி, அதுவும் காசாக: இதுவே அவர்கள் கேட்டது. நவம்பர் 23ஆம் நாள் திபோடோ என்னும் ஊரில் ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கூட்டம் கறுப்பினத் தொழிலாளரை வீடுவீடாக வேட்டையாடிற்று. இறந்தோர் பல பத்துப் பேர். சரியான கணக்கை எடுக்க எவரும் முன்வரவில்லை.

இலங்கைத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு அந்தச் சீட்டு புதிதன்று. 1921இல் ஒழிக்கப்படும் வரை இங்கே ‘துண்டு’ முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடன் எழுதப்பட்ட அத்துண்டைத் தீர்க்காமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அங்கே கூலி சீட்டாயிற்று. இங்கே கடன் சீட்டாயிற்று.

பனிக்கட்டியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். வடக்கில் உறைந்த ஏரிகளை அறுத்துக் கப்பலேற்றும் வணிகத்தை 1806இல் பொஸ்டனின் பிரெடெரிக் டியூடர் தொடங்கினார். உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டு அந்த வரவு அறுந்தபோது, தெற்கு பிரெஞ்சு யந்திரங்களைக் கள்ளமாகக் கொணர்ந்து தானே பனிக்கட்டி செய்யப் பழகிற்று. ஆயினும் 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. கிராமத்து ஏழையின் வீட்டில் இந்தத் தேநீர் அன்றாடப் பொருளானது மிகப் பிந்தித்தான்.

எஞ்சியிருப்பது இலை. ரைறியின் காலத்து அமெரிக்கர் பெரிதும் சீன, யப்பானியத் தேயிலையையே குடித்தனர். அவர்களைக் கறுப்புத் தேயிலைக்குத் திருப்புவதே இந்திய, இலங்கைத் தோட்ட முதலாளிகளின் நோக்கம். பிளெச்சின்டன் கண்காட்சிக்கு வந்ததும் அதற்காகவே. தென் கரோலினாவின் சமவில்லில் சார்ள்ஸ் ஷெப்பர்ட் 1888 முதல் சொந்தத் தேயிலைத் தோட்டம் நடத்தினார். அங்கே கொழுந்தெடுத்தவர்கள் கறுப்பினச் சிறுவர்கள். அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமும் வைத்தார். 1915இல் அவர் இறக்க, தோட்டமும் காடாயிற்று. பின்னர் இரண்டாம் உலகப்போர் சீன, யப்பானிய வரவுகளைத் தடுத்தது. கறுப்புத் தேயிலையின் ஆட்சி அங்கு நிலைபெற்றது. இன்று அமெரிக்கர் அருந்தும் தேநீரில் முக்கால் பங்குக்கு மேல் குளிர்ந்த தேநீரே.

அந்த இலையில் ஒரு பகுதி நமது மலைகளிலிருந்தும் போயிற்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார்; 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு தோட்டங்களை வாங்கித் தமது பெயரை உலகெங்கும் பொட்டலத்தில் அச்சிட்டார். கொழுந்தெடுத்த தமிழ்ப் பெண்களின் பெயர் பொட்டலத்தில் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் நாட்டின் வாக்காளர் இடாப்பிலும் அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் இல்லாமற் போயிற்று.

2003ஆம் ஆண்டில் ஜோர்ஜியாவின் சட்டசபை உறுப்பினர் சிலர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தனர். குளிர்ந்த தேநீர் விற்கும் உணவகம் இனிப்புத் தேநீரையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். தவறினால் அது குற்றம். கேலிக்காகக் கொணர்ந்தது, நிறைவேறவில்லை. அதே 2003இல், மலையகத்தில் அதுவரை நாடற்றவராய் எஞ்சியிருந்த தொழிலாளர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.