கூட்டுக் குப்பைமேட்டுக்கு முந்நூறு வயது

கொழும்பிலிருந்து ரயிலில் மட்டக்களப்புக்கு வந்துபோன பழைய ஆட்களுக்கு ஓட்டமாவடி இரும்புப் பாலம் மறந்திருக்காது. ரயில் போனதும் அதே பாலத்தில்தான், பஸ்ஸும் மாட்டுவண்டியும் சைக்கிளும் போனதும் அதே பாலத்தில்தான். ரயில் வரும் நேரத்தில் கேற்றை அடைப்பார்கள். வண்டிகள் வரிசையில் நிற்கும், மீன் கூடையோடு வந்தவர் வெயிலில் முணுமுணுப்பார். மன்னம்பிட்டியில் மகாவலியின் மேலும் இதே கதைதான். மட்டக்களப்பு வரை ரயில் ஓடத் தொடங்கிய 1920களில், தண்டவாளத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று இரண்டு பாலம் போட அரசாங்கத்துக்கு மனமும் வரவில்லை, காசும் இருக்கவில்லை. புதுப் பாலங்கள் வரும் வரை ஏறக்குறைய எண்பது வருடம் இந்த ஏற்பாடு தாக்குப்பிடித்தது.

தனித்தனியாக வாங்க வசதி இல்லாததைச் சேர்ந்து வாங்குவது என்ற இந்தக் கணக்கை இன்று உலகெங்கும் உள்ளூராட்சி மன்றங்கள் போட்டுக்கொண்டிருக்கின்றன. கல்குடாவையே எடுத்துக்கொள்வோம். கடற்கரை கோறளைப்பற்றுப் பிரதேச சபைக்குள் வருகிறது, அலுவலகம் வாழைச்சேனையில். பாலத்தைத் தாண்டினால் ஓட்டமாவடி, அது கோறளைப்பற்று மேற்கு. வடக்கே வாகரை, அதற்கு வேறொரு சபை. மாவட்டம் முழுவதும் எண்ணினால் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள் என்று 12 மன்றங்கள். எல்லோருக்கும் உழவு இயந்திரம் வேண்டும், தண்ணீர் பவுசர் வேண்டும், மலக்கழிவு உறிஞ்சும் பவுசர் வேண்டும், தெரு போட கிறேடர் வேண்டும், குப்பை கொட்ட ஓரிடம் வேண்டும். வருமானமோ சோலைவரி, சந்தைக் குத்தகை, முத்திரைக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் என்று சில்லறையாகத்தான் வரும். சம்பளத்துக்கே அரசாங்க மானியத்தை எதிர்பார்க்கும் சபை, கிறேடர் வாங்கும் கனவை வருடாவருடம் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கலாம்.

பக்கத்துச் சபையோடு பங்கு போடும் யோசனை எங்கே பிறந்தது என்று தேடிப்போனால், ஒரு சீனி ஆலையின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகம், 1696. அந்நாட்டில் ஏழைகளைப் பராமரிப்பது கோயிற்பங்கு ஒவ்வொன்றின் தனிப் பொறுப்பு. பணக்காரப் பங்கில் ஏழைகள் குறைவு, ஏழைப் பங்கில் வரி கட்ட ஆளில்லை. ஜோன் கேரி என்ற வணிகர் ஒரு யோசனை சொன்னார்: நகரின் எல்லாப் பங்குகளும் சேர்ந்து ஒரே நிதி, ஒரே சபை, ஒரே விடுதி வைத்துக்கொண்டால் என்ன? பாராளுமன்றம் சட்டம் இயற்றிக் கொடுத்தது. விடுதிக்குக் கிடைத்த கட்டடம் முன்பு சீனி சுத்திகரித்த இடம், இடையில் கொஞ்சக் காலம் நாணயம் அடித்த இடம். சீனி, காசு, கடைசியில் ஏழைகள். துறைமுக நகரம் ஒன்றின் வரலாறு முழுவதும் ஒரே கூரைக்குள் அடங்கிவிட்டது.

காப்பியடிப்பவர்கள் உடனே கிளம்பினார்கள். எக்ஸிற்றர், ஹல் போன்ற நகரங்கள் 1698இலேயே தமக்கும் அப்படியொரு சட்டம் வாங்கிக்கொண்டன. 1782இல் தோமஸ் கில்பேர்ட் என்பவர், கால்வாய்த் திட்டங்களிலும் ஈடுபட்டவர், கிராமப் பங்குகளும் விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம் என்று பொதுச் சட்டம் கொண்டுவந்தார். 1834இல் அந்த விருப்பமும் போயிற்று. ஏறக்குறைய 15,000 பங்குகளைச் சுமார் 600 ஒன்றியங்களாக லண்டன் கட்டிப்போட்டது. அந்த ஒன்றியங்கள் நடத்திய ஏழை விடுதிகளின் பெயர் இன்றைக்கும் கெட்ட பெயர்தான். ஆனால் எல்லை கீறியாயிற்று, எழுத்தர் இருக்கிறார், அலுவலகம் இருக்கிறது. அதனால் பிறப்பு, இறப்புப் பதிவையும் 1837இல் அதே ஒன்றியங்களின் தலையில் கட்டினார்கள். பிறகு அம்மைத் தடுப்பு, பிறகு கிராமச் சுகாதாரம். ஏழைகளுக்குச் செலவு மிச்சம் பிடிக்கப் பிறந்த அமைப்பு, ஊரின் எல்லா வேலைக்குமான அமைப்பாக வளர்ந்துவிட்டது. ஒரு வேலைக்காகச் சேர்ந்தவர்களிடம் இன்னொரு வேலையும் வந்து சேர்வதை இந்தக் கதையில் அடிக்கடி பார்க்கலாம்.

அதே காலத்தில் இலங்கையில் தெருவுக்காகச் சனங்களைக் கட்டிப்போட்டார்கள். 1848ஆம் ஆண்டுச் சட்டப்படி வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் தெரு வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். அந்த வருடம் மாத்தளையில் வெடித்த கலகத்துக்கு இந்த வரியும் ஒரு காரணம். 1861இல் மாகாணத் தெருக் குழுக்களும் மாவட்டத் தெருக் குழுக்களும் வந்தன. எந்த ஒரு கிராமத்துக்கும் சொந்தமில்லாத, பல கிராமங்களுக்குத் தேவையான தெருவை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இந்தத் தீவில் எழுதப்பட்ட ஆரம்ப விடைகளில் அது ஒன்று.

ஐரோப்பாவில் பிரான்சு 1890 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டது. முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் குட்டி ஊராட்சிகளை வைத்துக்கொண்டு ஒன்றையும் கலைக்க மனமில்லாத நாடு அது. ஊர் அப்படியே இருக்கட்டும், தண்ணீருக்கும் பிறகு மின்சாரத்துக்கும் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. எனக்குப் பிடித்த கிளைக்கதை ஜப்பானுடையது. 1888இல் ஜப்பான் தன் நகர, கிராமச் சட்டத்தை எழுதியபோது பக்கத்தில் ஆலோசகராக இருந்தவர் அல்பேர்ட் மோஸ்ஸே என்ற பிரஷ்ய நீதியறிஞர். ஊர்கள் ஒரு வேலைக்காக மட்டும் கூட்டுச் சங்கம் அமைக்கலாம் என்ற ஏற்பாடு அதில் நுழைந்தது. இன்று ஜப்பானில் அப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பார்ப்பவை குப்பை எரிப்பு, தீயணைப்பு, தண்ணீர்.

அமெரிக்காவில் இது தற்செயலாக முளைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் லேக்வுட் என்ற இடத்தில் மூன்று வருடத்துக்குள் 17,500 வீடுகள் எழும்பிவிட்டன. அடுத்த நகரமான லோங் பீச் துண்டுதுண்டாக அதை விழுங்கப் பார்த்தது. தப்ப வேண்டுமென்றால் தனி நகரமாக வேண்டும். தனி நகரமென்றால் பொலிஸ், தெரு, கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஜோன் டொட் என்ற சட்டத்தரணி வழி கண்டுபிடித்தார்: நகரசபையை நாங்கள் வைத்துக்கொள்வோம், வேலைகளை மாவட்ட நிர்வாகத்திடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்வோம். 1954இல் வாக்கெடுப்பில் வென்றார்கள்.

அதன் பிறகு நடந்த கூத்துதான் சுவையானது. பால் பண்ணைக்காரர்கள் மாட்டுத் தொழுவங்களை வீட்டுமனைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற 1956இல் டெயரி வலி என்று ஒரு நகரத்தைப் பிரகடனப்படுத்தினார்கள். அங்கே மனிதரைவிட மாடுகளே அதிகம். 1957இல் தொழிற்சாலைக்காரர்கள் இண்டஸ்ட்ரி என்ற பெயரிலேயே ஒரு நகரம் கேட்டார்கள். 500 பேர் குடியிருக்க வேண்டும் என்பது விதி. ஆள் போதாததால் உள்ளூர் மனநோய் விடுதியின் நோயாளிகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். பங்கு போடும் வசதி இருந்தால் சபை நடத்த ஊரே தேவையில்லை என்பதை நிரூபித்த பெருமை அவர்களுக்கு.

கடனையும் பங்கு போடலாம் என்று அமெரிக்காவில் 1969இல் கண்டுபிடித்தது வெர்மொண்ட் மாநிலம். சிற்றூர்களுக்கு வங்கிக்காரன் தனித்தனியாகக் கடன் கொடுக்க மாட்டான். எல்லாவற்றையும் ஒரே பத்திரமாகக் கட்டிக் கொண்டுபோனால் கொடுப்பான். அந்த யோசனை கடல் கடந்து வந்து இறங்கிய இடம் தமிழ்நாடு. 2002-03 காலத்தில் 13 சிறிய உள்ளாட்சி அமைப்புகள் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக ஒன்றுசேர்ந்து சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டன. அமெரிக்க உதவி நிறுவனம் அசலில் பாதிக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2005இல் கர்நாடகம் பெங்களூரைச் சுற்றிய எட்டு நகரங்களை வைத்து நூறு கோடிக்கு அதையே செய்தது. தமிழ்நாட்டில் அன்று சேர்ந்து கடன் வாங்கியவர்களில் அம்பத்தூர், மாதவரம் போன்றவை 2011இல் சென்னை மாநகராட்சிக்குள்ளேயே கரைந்துவிட்டன. கூட்டாளிகளாக இருந்தவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

லண்டனில் கதை மறுபக்கம் திரும்பியது. அரசாங்கம் மானியத்தை வெட்டிய 2010க்குப் பிறகு வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் செல்சி, ஹாமர்ஸ்மித் புல்ஹம் ஆகிய மூன்று பணக்காரச் சபைகள் சிறுவர் சேவை, முதியோர் பராமரிப்பு, நூலகங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கின. உலகமே வந்து பார்த்துக் குறிப்பெடுத்துப் போனது. 2014இல் ஒரு சபையில் கட்சி மாறியது. 2018இல் கூட்டுச் சேவைகளின் பெரும் பகுதி பிரிந்துவிட்டது. சிக்கனக் கணக்கு அப்படியே இருந்தது, கதிரையில் இருந்தவர்கள்தான் வேறு ஆட்கள்.

நம் ஊரில் இந்த யோசனைக்கு வேறொரு வியாதி. இங்கே பாரத்தைப் பக்கத்துச் சபையோடு பகிர்வதற்கு முன் அது கொழும்புக்குப் போய்விடும். உள்ளூராட்சி மன்றங்கள் நடத்திய மின்விநியோகம் நட்டப்பட்டபோது 1983இல் லெக்கோ கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. தண்ணீருக்கு 1975இலிருந்து தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. கிராம சபைகளையும் பட்டின சபைகளையும் 1981இல் கலைத்தார்கள். 1987இன் சட்டப்படி அவற்றின் இடத்தில் வந்த பிரதேச சபையே, பார்க்கப்போனால், பல கிராம சபைகளைச் சேர்த்துக் கட்டிய ஒன்றியம்தான். சேவைகள் நன்றாக நடந்திருக்கலாம். ஆனால் சபைகளுக்குத் தங்களுக்குள் பேசிக் கணக்குத் தீர்க்கும் பழக்கம் வரவேயில்லை. போதாக்குறைக்கு 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகளுக்குத் தேர்தல் வைக்கக் காசில்லை என்றார்கள். 2025 மே 6இல் தேர்தல் நடந்து முடியும் வரை உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினார்கள்.

யாருக்கும் வேண்டாததால் கீழேயே தங்கிவிட்டது ஒன்றுண்டு: குப்பை. கொழும்புக்குத் தெற்கே கரதியானையில் ஏழு மன்றங்களின் குப்பையை மேல்மாகாணக் கழிவு முகாமைத்துவ அதிகாரசபை ஒரே இடத்தில் வாங்குகிறது. 2017 ஏப்ரல் புத்தாண்டன்று மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்களை மூடிய பிறகு, ஊருக்கு ஒரு மேடு என்பது எவ்வளவு ஆபத்து என்று எல்லோருக்கும் விளங்கியது. மட்டக்களப்பில் நிலைமை இன்னும் இறுக்கம். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் சனம் நெருங்கிக் கிடக்கிறது. காத்தான்குடியில் மையவாடிக்கே காணி தேட வேண்டும், குப்பைக்கு எங்கே போவது? காணி இருப்பது வாவிக்கு மேற்கேயும் செங்கலடிக்கு உள்ளேயும். அதனால்தான் ஏறாவூர்ப்பற்றில் கொடுவாமடுவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், ஐ.நா. திட்டச் சேவைகள் அலுவலகம் முறையான நிலநிரப்பு மேடு ஒன்றைக் கட்டியது. ஒரு சபையின் காணியில் மற்றச் சபையின் குப்பை இறங்குகிறது.

அதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் தெற்கே கொஞ்சம் போய்வர வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காடு. 2008இல் அதுவும் ஐரோப்பிய உதவியோடு, காட்டோரத்தில், அக்கம்பக்கத்து ஒன்பது ஊர்களின் குப்பைக்காக அமைந்தது. யானை வராமல் மின்வேலி போட்டார்கள். 2014இல் வேலியில் மின்னல் விழுந்தது. பழுது பார்க்கவில்லை. யானைகள் உள்ளே வந்தன. சோற்று வாசனையோடு பொலித்தீன் பையையும் விழுங்கின. எட்டு வருடத்தில் ஏறக்குறைய இருபது யானைகள் செத்துப்போனதாக 2022 ஜனவரியில் செய்தி உலகமெங்கும் போனது. செத்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவுப் பொதி சுற்றிய தாள்களும் கிடந்தன.

ஒன்பது ஊருக்கும் அந்த மேடு தேவை. வேலி எந்த ஊருடையது? கூட்டுக் கல்யாணத்தில் பந்தல் கழற்ற ஆளில்லாத நிலைதான். கட்டும் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது, கொட்டும் உரிமை ஒன்பதாகப் பிரிந்தது, பழுது பார்க்கும் செலவு மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பிரிஸ்டலில் கேரி முதலில் கேட்டது கட்டடமல்ல. எந்தப் பங்கிலிருந்து எவ்வளவு வரி, அதைத் தண்டுவது யார் என்ற அதிகாரத்தைத்தான் அவர் சட்டத்தில் எழுதி வாங்கினார். கட்டடம் பிறகு வந்தது. நாம் கட்டடத்தை முதலில் வாங்கிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம்.

கல்குடாவுக்கும் பாசிக்குடாவுக்கும் ஹோட்டல்கள் வந்த பிறகு குப்பையும் கூடியிருக்கிறது, கழிவுநீர் பவுசரின் தேவையும் கூடியிருக்கிறது. வாழைச்சேனை, ஓட்டமாவடி, வாகரைச் சபைகளின் எல்லைகள் தெருவால் மட்டும் கீறப்பட்டவை அல்ல, சமூகங்களுக்கு இடையிலும் ஓடுகின்றன. பொதுவாக ஒரு பவுசர், ஒரு கிறேடர், ஒரு மேடு என்று பேச உட்காருவது அவ்வளவு லேசான காரியமல்ல. ஆனால் ஒரே இரும்புப் பாலத்தில் ரயிலுக்கு வழிவிட்டுப் பழகிய ஊர்கள் இவை. அப்படியொரு பேச்சு உங்கள் சபைக்கு வந்தால், எங்கே கட்டப்போகிறீர்கள், யார் திறந்து வைப்பார்கள் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆறு வருடம் கழித்து வேலியில் மின்னல் விழுந்தால் எந்தச் சபை எத்தனை வீதம் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று தவிசாளரிடம் கேளுங்கள். எழுதவில்லை என்றால், எழுதும் வரை கையெழுத்துப் போட விடாதீர்கள்.