காந்தி படச்சுருள்களைத் தேடி உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியார்

பினாங்குத் தமிழர்களுக்கு நகரத்தார் என்றதும் பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியும், தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலைக்குப் புறப்படும் வெள்ளி இரதமும்தான் நினைவுக்கு வரும். கொடுக்கல் வாங்கலுக்குப் பெயர்போன அந்தச் சமூகத்தில் பிறந்த ஒருவர்தான் காந்தியடிகளைப் பற்றிய முதல் முழுநீள ஆவணப்படத்தை எடுத்தவர். அவர் ஏ.கே. செட்டியார்.

1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த இவரின் முழுப்பெயர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். கடல் கடந்து போனவர்தான்; ஆனால் வட்டிக் கடையில் உட்காரவில்லை. இரங்கூனில் 'தனவணிகன்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார்.

1937 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியின் பிறந்தநாள். செட்டியாருக்கு அப்போது 26 வயதுகூட நிரம்பவில்லை.

காந்தியோ சினிமா பக்கமே போகாதவர். 1927இல் அரசு அமைத்த சினிமா விசாரணைக் குழு கேட்டபோது, தாம் சினிமா பார்த்ததே இல்லை என்று பதில் எழுதியவர். அவரை நடிக்க வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் அவரை ஏற்கெனவே யார் யார், எங்கெங்கே படம் பிடித்தார்களோ அதையெல்லாம் தேடிச் சேர்க்க வேண்டும். செட்டியார் அந்தத் தேடலில் இறங்கினார்.

வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியை 1931இல் லண்டனில் பல செய்திப்படக் கம்பெனிகள் எடுத்திருந்தன. அது எளிதாகக் கிடைக்கக்கூடியது. கடினமானது தென்னாப்பிரிக்கா. நம் பாட்டன், பூட்டன் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது போலவே, அங்கே கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். காந்தியின் முதல் சத்தியாக்கிரகத்தில் அவரோடு சிறை சென்றவர்களில் தமிழர் ஏராளம். 1912இல் கோகலே அந்நாட்டுக்கு வந்தபோது எடுத்த படத்துண்டைச் செட்டியார் தேடிக் கண்டெடுத்தார். தமிழர் வரலாற்றுக்கும் அது ஒரு சாட்சி.

நான்கு கண்டங்களில் அலைந்து, ஏறக்குறைய நூறு படப்பிடிப்பாளர்கள் முப்பது ஆண்டுகளில் எடுத்தவற்றிலிருந்து 50,000 அடி சேர்ந்தது. இந்தியாவில் டாக்டர் பி.வி. பதி போன்ற படப்பிடிப்பாளர்கள் துணைக்கு வந்தார்கள். மௌனப் பட காலத்து பிலிமைப் பேசும்பட இயந்திரத்தில் அப்படியே ஓட்டினால் மனிதர்கள் பொம்மைபோல் விறுவிறுவென்று ஓடுவார்கள். இத்தகைய துண்டுகளைச் சேர்ப்பதில் உள்ள தலைவலிகளில் அது ஒன்றுதான். கடைசியில் 12,000 அடியாக, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படமாகச் சுருக்கினார்.

1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழ் விளக்கவுரையுடன் படம் வெளிவந்தது. காந்தியை ஒருமுறையாவது நேரில் பார்க்க வாய்ப்பில்லாத சாதாரண மக்களுக்காக எடுத்த படம், அவர்கள் மொழியிலேயே முதலில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அது போர்க்காலம். ஆங்கிலேயர் ஆட்சியில் காந்தி படத்தைத் தொடர்ந்து திரையிடத் தியேட்டர்காரர்கள் துணிவார்களா? 1947 ஆகஸ்டில், விடுதலையை ஒட்டித்தான் இந்தி விளக்கத்துடன் தில்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பும் வந்தது.

அதன் பிறகு செட்டியார் படம் எடுப்பதைத் தொழிலாக்கிக் கொள்ளவில்லை. 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' இதழை நடத்திக்கொண்டு, பழைய தமிழ் இதழ்களிலும் நூல்களிலும் புதைந்து கிடந்தவற்றை எடுத்து மறுபதிப்பு செய்துவந்தார். ஒரு வகையில் பிலிமில் செய்த அதே வேலைதான். 'மலேயா முதல் கனடா வரை' உள்ளிட்ட பயண நூல்களையும் எழுதினார். எதிலும் தம்மை முன்னால் நிறுத்திக்கொள்ளாதவர். 1983இல் மறைந்தார்.

ஊர் ஊராகச் சென்று பிறர் எடுத்த படங்களைக் காப்பாற்றியவரின் சொந்தப் படமே பின்னர் காணாமல் போனது. அக்காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்துவிடும். படம் எடுத்த கதையை அவரே எழுதிவைத்திருந்தார். அதை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகத் தொகுத்தவர் வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி. படத்தின் ஆங்கிலப் பதிப்பை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தவரும் அவரே. கிடைத்தது சுருக்கப்பட்ட பதிப்பு. 1940இல் சென்னை மக்கள் பார்த்த தமிழ்ப் படம் இன்னும் கிடைக்கவில்லை.